கொம்பில் ஏறிய எலுமிச்சம்பழம்

நம் அருங்காட்சியகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளில் ஒரு சோதனை உண்டு என்பதை நீங்கள் மூவரும் இதற்குள் அறிந்திருப்பீர்கள். பொருளறைக் காப்பாளர் அஞ்சலாட்சி ஒரு சாண் உயரமுள்ள உலோகப் போர்வீரனைக் கொண்டுவந்து உங்கள் முன் வைத்திருப்பார். அவன் தலைக்கவசத்தில் இரண்டு கொம்புகள். அந்தக் கொம்புகளில் குத்தியபடி ஒரு முழு எலுமிச்சம்பழம். கொம்பு வளையாமல் பழத்தை எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் சாவிக்கொத்தைத் தொடலாம். எதற்காக இந்தச் சோதனை என்று கேட்டதற்கு, "பெரிய மேடத்தக் கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டதாக உங்களுள் ஒருவர் எனக்கு எழுதியிருந்தீர்கள். ஓய்வு பெற்றவளிடம் யாராவது எதையாவது கேட்பதே அரிது. ஆகவே, சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் வேலை செய்யும் கட்டடம் ஒரு சொல்தாவின் வீடு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்களை நம் பக்கத்து முதியவர்கள் இன்றும் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். கப்பல் நின்ற துறைமுகங்களில் மற்றவர்கள் வாசனைத் தைலமும் கைக்கடிகாரமும் வாங்கினார்கள். இவர் பழம்பொருள் விற்கும் சந்துகளைத் தேடிப் போனார். அப்படி வந்து சேர்ந்தவர்கள்தாம் நம் ஐந்து வீரர்கள். மத்தியதரைக் கடலில் சார்டினியா என்றொரு தீவு இருக்கிறது. அங்கே ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள், கேடயமும் வாளும் கொம்பு வைத்த தலைக்கவசமுமாக இத்தகைய சிறிய வெண்கல வீரர்களை வார்த்துத் தங்கள் கோயில்களில் காணிக்கையாக வைத்தார்கள். வில்லியனூரைத் தாண்டிக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் வந்து குடியேறுவோம் என்று அந்த வீரர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் வந்த இடத்தில் அவர்கள் யாரையும் தொந்தரவு செய்ததில்லை.

ஐவரில் நால்வர் உடற்குறை உள்ளவர்கள். ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒருவனுடைய கேடயம் பாதியாக உடைந்திருந்தது. மற்றொருவனுக்கு ஒரு கொம்பு இல்லை. இன்னொருவனுக்கு ஒரு கையே இல்லை. ஐந்தாமவன் மட்டும் உச்சி முதல் உள்ளங்கால் வரை முழுமையாக இருந்தான். இரு கொம்புகளும் ஓங்கி நிற்க, இடக்கையில் கேடயம் தாங்கி, வலக்கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருந்தான். அது வழிபாட்டுக்குரிய கைநிலை என்று நூல்கள் கூறும். நம் ஊழியர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'பஸ்ஸுக்குக் கை காட்டுறவரு'. வில்லியனூர் சாலையோரத்தில் நின்று பழகியவர்களுக்கு அந்த முகம் அந்நியமானதன்று. பேருந்து வரும் என்ற நம்பிக்கையும், வந்தாலும் நிற்காது என்ற தெளிவும் அதில் ஒருங்கே இருந்தன.

எங்கள் அறக்கட்டளையின் செயலாளர் சொல்தாவின் தங்கை மகன். கரும்பு விவசாயி, நல்ல மனிதர், எதையும் உரக்கச் செய்பவர். ஐந்தாமவன்மீது அவருக்குத் தீராத காதல். வாயிற்பலகையில் அவன் படத்தைத்தான் எழுதுவித்திருந்தார். சார்டினியப் பொருள்களை அறிந்த ஒருவர் வந்து பார்த்து, இவை பழையவைதாம் என்று உறுதி சொல்லும்வரை பொறுக்கலாமே என்று நான் கூறினேன். அவர் மிகுந்த கவனத்துடன் கேட்டுக்கொண்டார். மறுவாரம் அவன் படத்தை நாட்காட்டியிலும் அச்சிட்டு விநியோகித்தார்.

நான் சிலைகளைப் பேணும் வேலையில் தலை நரைத்தவள் என்றாலும், என் பயிற்சியெல்லாம் நம் ஊர்ச் செப்புத் திருமேனிகளில்தான். கடல் கடந்த வீரர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆகவே பல கடிதங்கள் எழுதி, அத்தீவிலிருந்தே ஒரு மூதாட்டிப் பேராசிரியரை வரவழைத்தோம். அவர் வரவிருந்த நாள் ஆயுத பூசை விடுமுறைக்கு முந்தைய வேலை நாள். அலுவலகங்களில் பூசை போடுவது அன்றுதான் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் அது உறைக்கவில்லை.

இனி அஞ்சலாட்சிக்கு வருகிறேன். அன்று அவர் காப்பாளர் அல்லர். தினக்கூலிக்கு வந்தவர். பெருக்குவது, துடைப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுவது என்று எல்லாம் அவர் வேலை. நிரந்தர ஊழியர்களின் கழுத்தில் பெயர் எழுதிய அட்டை தொங்கும். அவருடைய அட்டையில் 'தற்காலிகம்' என்று மட்டும் எழுதியிருக்கும். சுத்துக்கேணியிலிருந்த அவருடைய நாத்தனார் அதைப் படித்துவிட்டு, விருந்தினர் கூடியிருந்த வீட்டில், "இன்னா தற்காலிகம், பந்தியில குந்து" என்று அழைத்திருந்தார். அஞ்சலாட்சி எனக்கு இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இரண்டு முறை சொன்னார். பேராசிரியர் வரும் அதே நாள் பிற்பகலில் அறக்கட்டளைக் கூட்டம் இருந்தது. அதில் அஞ்சலாட்சியை நிரந்தரமாக்குவதென்று பேசி முடிவாகியிருந்தது; கையெழுத்து மட்டுமே பாக்கி.

அன்று காலை நான் பேருந்திலிருந்து இறங்கி உள்ளே நுழைந்தபோது கட்டடமே சாம்பிராணி மணத்தது. நகலெடுக்கும் இயந்திரத்துக்கு நெற்றி என்று ஒரு பகுதி இருக்குமானால் அதில் மூன்று பட்டை சந்தனமும் நடுவில் குங்குமமும் துலங்கின. தீயணைப்புக் கருவி சாமந்தி மாலை அணிந்திருந்தது. துடைப்பம், ஏணி, தையல் இயந்திரம், தண்ணீர் மோட்டார், யாருடையது என்று இன்றுவரை தெரியாத ஒரு மண்வெட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் பொட்டு இடப்பட்டிருந்தது. இதற்கு ஒரு பின்னணி உண்டு. முந்தைய ஆண்டுப் பூசையில் நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பொட்டு வைக்க மறந்துவிட்டார்கள். சில நாட்களில் அது பழுதானது. செயலாளர் அதை மறக்கவில்லை. இந்த ஆண்டு அவர் சாவிக்கொத்து முழுவதையும் அஞ்சலாட்சியிடம் கொடுத்து, இந்தக் கட்டடத்தில் ஆயுதம் என்று பெயர் சொல்லக்கூடிய எதையும் விட்டுவிடக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தார்.

தலையில் கவசமும் கையில் கேடயமுமாக நிற்பவனை ஆயுதக் கணக்கில் சேர்க்காமல் எப்படி விட முடியும்?

அஞ்சலாட்சி பெருமிதத்தோடு என்னைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். கண்ணாடிப் பேழை திறந்திருந்தது. ஐந்தாமவன் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம், கழுத்தில் கதம்பச் சரம். சூலத்தில் குத்துவதுபோல, இரு கொம்புகளிலும் சேர்த்து ஓர் எலுமிச்சம்பழம். பழத்தின் சாறு கவசத்தில் வழிந்து, புளியங்கொட்டை போன்ற கண்களைக் கடந்து, தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் பேருந்தையும் தவறவிட்டவன் அழுவதுபோல இருந்தது.

பழைய வெண்கலத்துக்குப் புளிப்பு நஞ்சு. மேலே படிந்த பச்சைக் களிம்பை அரித்து உள்ளே இறங்கினால் அது உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். அதற்குள் செயலாளர் பின்னால் வந்து நின்றார். ஒரே மூச்சில் மூன்று யோசனைகள் சொன்னார். பழத்தைப் பிடுங்கிவிடலாம், சிலையைக் குழாயடியில் காட்டிக் கழுவிவிடலாம், அல்லது பேழையை மூடித் துணி போர்த்தி, பராமரிப்பு வேலை நடக்கிறது என்று சொல்லிவிடலாம். பேராசிரியரை அழைத்து வரப்போன ஓட்டுநர் அந்நேரம் தொலைபேசியில் அழைத்தார். வில்லியனூர் ரயில்வே கேட்டில் வண்டி நிற்கிறதாம்; விழுப்புரம் பாசஞ்சர் இன்னும் வரவில்லையாம்.

செயலாளர் அஞ்சலாட்சியின் பக்கம் திரும்பினார். "நீ கூட்டத்துக்கு வர வேணாம். நாளையிலிருந்தும் வர வேணாம்."

அஞ்சலாட்சி கையிலிருந்த பொரித் தட்டைக் கீழே வைக்க இடம் தேடினார். பிறகு வைக்காமலேயே நின்றார்.

இந்த இடத்தில் நான் பயிற்சி பெற்ற நாட்களில் எனக்கு மேலே இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நெருக்கடி நேர்ந்தால் அவர் முதற்காரியமாகத் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைப்பார். கூரை ஒழுகினாலும் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. உலோகப் பொருள்கள் காலத்தால் கெடுவதைவிட, அவற்றைக் காப்பாற்ற ஓடி வருகிறவர்களால்தான் அதிகம் கெடுகின்றன என்பது அவர் கட்சி.

என் கண்ணாடியை நான் அன்று காலைதான் துடைத்திருந்தேன். எனவே செயலாளரின் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் துடைத்தேன். முன்யோசனையோடு செய்ததல்ல, ஆனால் அதைப்போன்ற நற்செயலை என் பணிக்காலத்தில் நான் அதிகம் செய்ததில்லை. கண்ணாடி இல்லாத செயலாளருக்கு நான்கடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பழத்தைப் பிடுங்க நீண்ட அவர் கை, பக்கத்திலிருந்த தீயணைப்புக் கருவியின் மாலையைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டது. கண்ணாடியை என் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் யோசிக்க முடிந்தது. இடக்கொம்பின் அடியில் மயிரிழை போன்ற ஒரு விரிசல் இருப்பதை நான் முன்பே கண்டு வைத்திருந்தேன். பழத்தை மேல்நோக்கி இழுத்தால் கொம்பும் பழத்தோடு போய்விடும். இழுக்காமல் விட்டால் புளிப்பு இறங்கும். ஆகவே, பழத்தைக் கொம்பிலிருந்து எடுக்கக் கூடாது. கொம்பைச் சுற்றியுள்ள பழத்தைச் சிறிது சிறிதாக அரிந்து எடுக்க வேண்டும். அதற்குக் கொம்பு பழத்துக்குள் எந்தக் கோணத்தில் போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். அது அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"அஞ்சலாட்சி, தட்டை வச்சிட்டு வா. இதை எப்படிக் குத்துன?"

"நேரா குத்துல மேடம். எடது கொம்பு லேசா சாஞ்சிருந்துச்சா, அதுல மொதல்ல ஏத்தி, அப்பால திருகி வலதுல வுட்டேன்."

தவறு செய்தவரிடம்தான் தவறின் வழித்தடம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவரைத் திட்டினால் அவர் அழுவார். அழுகை வந்தால் அந்தத் தடம் அழிந்துபோகும். திட்டுவதற்கு எப்போதும் பின்னால் நேரம் கிடைக்கும். பெரும்பாலும், அந்த நேரம் வரும்போது திட்டத் தோன்றாது.

அவர் பீடத்தைப் பிடித்துக்கொண்டார். நான் மிகச் சிறிய கத்தியால் அரியத் தொடங்கினேன். பழத்தின் ஒவ்வொரு துண்டையும் அஞ்சலாட்சி இடக்கையால் ஒரு தட்டில் வாங்கிக்கொண்டார். செயலாளர் எங்கிருந்தோ, "இன்னா நடக்குது? யாராவது சொல்லுங்க" என்றார். நாங்கள் ஊறுகாய்க்கு நறுக்குகிறோம் என்று அஞ்சலாட்சி சொன்னார். வேலை போய்விட்டது என்று நினைத்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் துணிச்சல் அது. நான் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்து முடிக்க வேண்டியிருந்தது. சிரிக்கும் கை நடுங்கும்.

கடைசித் துண்டு நழுவி விழுந்தது. இரண்டு கொம்புகளும் நின்றன. காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்து, சாறு வழிந்த கன்னத்தில் ஒற்றினேன்.

பஞ்சு பச்சையானது.

இன்னொரு பஞ்சு எடுத்தேன். அதுவும் பச்சை. மூவாயிரம் ஆண்டுக் களிம்பு ஒற்றி எடுத்தால் வராது. அது கல்லைப்போல ஊன்றி நிற்கும். இது திருவிழாவில் முகத்துக்குப் பூசிய சாயம்போலச் சுலபமாக வந்தது. மூன்றாவது பஞ்சில் கன்னம் வெளிப்பட்டது. வில்லியனூர்க் கடைத்தெருவில் தொங்கும் புதுக் குத்துவிளக்கைப் போலப் பளபளவென்று மஞ்சளாக மின்னியது.

நான் அஞ்சலாட்சியைப் பார்த்தேன். அவர் கன்னத்தைப் பார்த்தார்.

"மேடம், இவரு நம்மள வுட சின்னவரு போலருக்கே" என்றார்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. முடிவு செய்யக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். பேழையை மூடித் துணி போர்த்துவது இன்னமும் சாத்தியமாக இருந்தது. ஆனால், ஒரு பொருளுக்கு என்ன நேர்ந்தது என்பதை மறைத்துவிட்டு அது என்ன பொருள் என்று மட்டும் ஒருவரிடம் கேட்பது, மருத்துவரிடம் பாதி நோயைச் சொல்வதற்கு ஒப்பானது. பேராசிரியர் உள்ளே வந்ததும், அவர் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொழியில் பூசை, கட்டளை, எலுமிச்சை, பஞ்சு என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். செயலாளரின் கண்ணாடியையும் அப்போதுதான் திருப்பிக் கொடுத்தேன்.

பேராசிரியர் முதலில் பழத்துண்டுகளைப் பார்த்தார். பிறகு சந்தனப் பொட்டைப் பார்த்தார். உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, வீரனைத் தலைகீழாகத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மயக்கம் என்று நினைத்து அஞ்சலாட்சி தண்ணீர் எடுக்க ஓடினார். மயக்கமில்லை, சிரிப்பு. மூச்சு திரும்பியதும் அவர் விளக்கினார். அவருடைய ஊர்த் துறைமுகத்தில் கப்பல் ஏறுமிடத்தருகே உள்ள கடைகளில், சாவிவளையங்களுக்குப் பக்கத்தில் இவனை விற்கிறார்களாம். அவர் தாய் வாழ்ந்த காலத்திலிருந்தே விற்கிறார்களாம். அவர் வீட்டில் சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்பவனும் இவனேதானாம்.

செயலாளர் சன்னல் வழியாக வாயிற்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் கையை உயர்த்திய வீரனும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேராசிரியர் எழுந்து மற்ற நால்வரிடம் போனார். அங்கே சிரிப்பு நின்றது. நெடுநேரம் குனிந்தே இருந்தார். காலிழந்தவனிடம் தம் மொழியில் ஏதோ மெல்லப் பேசினார். இவர்கள் நால்வரும் ஐயத்துக்கு இடமில்லாத பழையவர்கள் என்றார். பிறகு திரும்பி ஒரு கேள்வி கேட்டார். இவர்கள்மேல் ஒரு துளி சந்தனமோ சாறோ இல்லையே, இவர்களை மட்டும் ஏன் விட்டார்கள்?

அஞ்சலாட்சி என்னைப் பார்த்தார். கேள்வியைத் தமிழில் சொல்லி, பதில் சொல் என்றேன்.

"கை காலு ஒடஞ்சதுக்குப் பூச போடக் கூடாதும்மா. பின்னமானது சாமிக்கு ஆகாது. அதான் முழுசா இருக்குறவருக்கு மட்டும் போட்டேன்."

இதைப் பேராசிரியர் என்னை இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொன்னார். பழையது உடைந்திருந்தது, புதியது முழுசாக இருந்தது. உடைந்ததற்குப் பூசை இல்லை. ஆகவே, பாதுகாக்க வேண்டிய நால்வரும் தப்பித்தார்கள். பாதுகாக்கத் தேவையில்லாதவன் எலுமிச்சம்பழம் சுமந்தான். எங்களில் யாரும் திட்டமிட்டிருந்தால் இவ்வளவு நேர்த்தியாக அமைந்திருக்காது.

பிற்பகல் கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். அவர் மனம் புண்பட்டிருந்தது. புண்பட்ட மனம் விதிகளைத் தேடும். இருந்தாலும் விதி விதிதான். பேழையைத் திறந்து தொல்பொருளுக்குச் சேதம் விளைவித்த ஒருவரை எப்படி நிரந்தரமாக்குவது என்று கேட்டார். உறுப்பினர்கள் பொரியை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்கள். எந்தத் தொல்பொருளுக்கு என்று நான் கேட்டேன். வாயிற்படியில் நின்ற அஞ்சலாட்சியை உறுப்பினர்களுள் மூத்தவர் அழைத்து, பேழையைத் திறக்கச் சொன்னது யார் என்றார்.

"சாருதான் சொன்னாரு. 'போன வருசம் ஜெராக்ஸ் மிசின வுட்டதுல இன்னா ஆச்சு பாத்தியா, இந்தத் தடவ ஒன்னு வுடக் கூடாது'ன்னு. வுட்டா திட்டுவாரு. வுடலன்னாலும் திட்றாரு. நான் இன்னா பண்றது?"

அவையில் ஒருவருக்குப் பொரி புரையேறியது. இந்த முறை செயலாளர் தாமே தம் கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டார். அவரை நல்ல மனிதர் என்று முதலில் சொன்னேனே, அது முகத்துதி அல்ல.

ஐந்தாமவனை எங்கே வைப்பது என்று பிறகு ஆலோசித்தோம். வாயிற்பலகையை மாற்றச் செயலாளருக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான். அவன் இப்போது நுழைவுக் கூடத்தில், நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், கன்னத்து மஞ்சள் தெரியக் கை காட்டிக்கொண்டு நிற்கிறான். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அவனுக்கு முறைப்படி எலுமிச்சம்பழம் உண்டு. இயந்திரமும் அதன் பிறகு பெரிதாகக் கெடவில்லை. உங்கள் சோதனைக்கு வருகிறவன் அவனல்லன், அவன் தம்பிகள். புதியவர்கள் கொம்பை வளைத்துவிடுகிறார்கள் என்று நாங்கள் எழுதியதிலிருந்து, பேராசிரியர் அவ்வப்போது தம் ஊர்த் துறைமுகக் கடையிலிருந்து ஒருவனைப் பொட்டலம் கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

என் பணிக்காலத்தில் மிகுந்த கவனத்தோடு நான் கத்தி பிடித்த நேரம் ஒரு கடைச்சரக்குக்காகச் செலவானது என்று சிலர் கேலி செய்வதுண்டு. கேலி நியாயமானதே. ஆனால் கத்தியைப் பிடித்திருந்தபோது எனக்கு அது தெரியாது. தெரியாத நேரத்தில் கை எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் நம் தொழில் கடைசியில் கணக்கில் கொள்கிறது. உங்களுள் கொம்பை வளைத்தவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை.

அந்த ஆண்டுப் பொங்கலுக்கு அஞ்சலாட்சி பட்டுச் சேலைக்கு மேல் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சுத்துக்கேணிக்குப் போனார். நாத்தனார் அட்டையைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படி அங்கே இன்னாதான் வேலை என்று கேட்டிருக்கிறார்.

"பழம் எடுக்குற வேலை" என்றாராம் அஞ்சலாட்சி. "குத்துறதுக்கு ஊரு பூரா ஆளு இருக்கு. எடுக்கத்தான் ஆளு இல்ல."